விழுந்த சத்தம் கேட்காத கல்

இருபது வருடங்களுக்கு மேல் இருக்கும். அப்போது நான் கண்டியில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மார்கழி மாதத்துப் பௌர்ணமிப் போயா விடுமுறையில், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஆசிரியத் தோழிக்கு ஹந்தானை மலையைக் காட்டக் கூட்டிப் போனேன்.

நான் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அதனால் மலை என்றால் கொஞ்சம் வாய் அதிகம். பஸ்ஸால் இறங்கிய இடத்துத் தேநீர்க் கடைக்காரர், மத்தியானத்துக்குப் பிறகு பனி மூடும், வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள் என்றார். மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா என்று சிரித்தேன். அதோடு விட்டேனா? சுமை எதற்கு, ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்று தோழியின் கைப்பையையும் கடையிலேயே வைக்கச் செய்தேன். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியாது. என் அவசரத்தில் அவளும் பையைப் பற்றி யோசிக்கவில்லை.

மேலே மானாப்புல் இடுப்பளவு நின்றது. கீழே கண்டி நகரமும் வாவியும் தெரிந்தன. பத்து நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டோம், முதுகுப் பக்கமாகப் பனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. நீட்டிய கைகூடத் தெரியவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தக் குறுக்குப் பாதையானாலும் இறங்கிக்கொண்டே போனால், கடைசியில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயமோ தண்ணீர்ப் பீலியோ வரும். அப்படியொரு பாதையில் இறங்கினேன். இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகள் கவ்வாத்து வெட்டாமல் மரமாகி நின்றன. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கைவிட்ட தேயிலையில் பாதை மிச்சமிருக்கும், லயம் இருக்காது.

பின்னால் வந்தவளின் மூச்சு விசில் மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

"எனக்கு இழுக்குது அக்கா. மருந்துப் பம்ப் கடையில விட்ட பைக்குள்ள கிடக்கு" என்றாள்.

பதறிப்போய் வேகமாக இறங்கினேன். காலில் ஒரு கல் தட்டுப்பட்டு உருண்டது. உருண்டது கேட்டது. விழுந்தது கேட்கவேயில்லை. அடுத்த அடியில் மலை இல்லை என்று விளங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் இளைப்பாறுவோம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். இவளை நான்தான் கொல்லப்போகிறேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

மலையில் பனி இறங்கினால், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். நின்ற இடத்தில் நின்று கூவுவார்கள். டீச்சரான பிறகு அப்படிக் கூவ எனக்கு வெட்கம். அன்றைக்கு வெட்கமாவது ஒன்றாவது, தொண்டை கிழியக் கூவினேன்.

மேலேயிருந்து அதே கூவல் திரும்பி வந்தது. எதிரொலிதான் என்று மனம் விட்டுப்போனது. மறுபடி இரண்டு தரம் கூவினேன். மூன்று தரம் பதில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கீழ எறங்காதீங்க, பள்ளம். சத்தத்தப் புடிச்சி மேல வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

மூச்சு வாங்க முடியாதவளை மேலே ஏற்றுவதா? வேறு வழியில்லை. அவளை முன்னால் விட்டு, நாலு அடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினோம். அந்தக் குரல் ஓயும்போதெல்லாம் என் உயிரும் ஓய்ந்தது. கடைசியில், விறகுக் கட்டோடு ஓர் அம்மா பனிக்குள் நின்றார். விறகை அங்கேயே போட்டுவிட்டு, தோழியைத் தோளில் சாய்த்து, வேறொரு பாதையால் கடைக்குக் கூட்டி வந்தார். பம்ப் கைக்கு வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

அவளுக்கு மூச்சு சீரான பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"நீங்க தோட்டத்துப் புள்ளதானே? கூவுனதுலயே தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் பனியில ஏன் நடந்தீங்க?"



தோழி இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். போனில் பேசும்போது அந்த நாளைச் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கல்லைப் பற்றி நான் அவளிடம் சொன்னதேயில்லை, இதை வாசித்தால்தான் அவளுக்குத் தெரியவரும். ஆனால் இன்றைக்கும் 'எனக்குத் தெரியும்' என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், அந்தக் கல் விழும் சத்தத்துக்காக என் காது ஒரு கணம் காத்து நிற்கிறது.