கட்டிலை மட்டும் நகர்த்தினோம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீடு கடைசி மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். ஐப்பசி மழை தொடங்கிய நான்காம் நாள், மாமனார் படுத்திருந்த அறையின் கூரையில், டீ கொட்டியதுபோல ஒரு கறை தெரிந்தது. சரியாக அவர் கட்டிலுக்கு மேலே.

அந்த ஆடியில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது பக்கம் முழுக்கச் செயலற்றுப்போய், பேச்சும் நின்றுவிட்டது. இடது கை ஒன்றுதான் அவர் சொன்னபடி கேட்டது.

மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்தார். "தளம் முழுக்க ஈரமா கீதும்மா. இப்ப எது பூசினாலும் நிக்காது. மழை விடட்டும், வந்து செஞ்சு குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் சொட்டினால் மாமனார் மேல் விழக்கூடாது என்று நானும் கணவரும் கட்டிலைக் கதவுப் பக்கம் மூன்றடி தள்ளிப் போட்டோம். ஜன்னல் பக்கம் காலியான இடத்தில், அவருக்கு ஊட்ட வசதியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

பத்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு என்னைத் தள்ள ஆரம்பித்தார். கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் போதும், இடது கையால் என் தோளைப் பிடித்துத் தள்ளுவார். வாயைத் திறக்கமாட்டார். அப்புறம் விரலை மேலே காட்டுவார்.

மேலே என்றால் எங்களுக்கு மின்விசிறிதான். வேகத்தைக் கூட்டினோம், குறைத்தோம், நிறுத்தியும் பார்த்தோம். அவரைப் பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல போகணும்ங்கறார், பாவம்" என்றார். அந்த அம்மாவை அவர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இரவில் கணவர் கட்டிலிலேயே உட்கார்ந்து ஊட்டுவார். அப்போது மட்டும் தகராறு இல்லாமல் சாப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் சமையலை நன்றாக இருக்கிறது என்று மாமனார் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது பேச்சு போன பிறகும் மருமகள் கை அவருக்குக் கசக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், அவர் தள்ளிய வேகத்தில் கிண்ணம் கை நழுவியது. விரிப்பெல்லாம் கஞ்சி.

"என் கையால சாப்பிடறது உங்களுக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா? பட்டினி கிடங்க!" என்று கத்தினேன். அவரிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதே இல்லை. துடைக்கத் துணி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். பின்னால் தடாலென்று சத்தம்.

ஓடிவந்து பார்த்தால், நாற்காலி பிளந்து கிடந்தது. அதன்மேல் கூரையின் சிமெண்டுப் பூச்சு, பெரிய பாளமாக. மேலே துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. அவர் மேல் தூசியைத் தவிர வேறொன்றும் விழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அழுதார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

அவர் பக்கத்தில் தலையணையில் தலைவைத்து மேலே பார்த்தேன். இன்னும் விழாத பகுதி உப்பிப்போய், ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. வந்து போகிற எங்களுக்கு அது வெறும் கறை. அது நாளுக்கு நாள் இறங்கி வந்ததை, நாள் முழுக்க மல்லாந்து கிடந்தவர் மட்டும் பார்த்திருக்கிறார். ஊட்ட உட்காரும் என் தலைக்கு நேர் மேலே.

"மன்னிச்சிடுங்க மாமா" என்றேன்.

கணவரை ஃபோனில் வரவழைத்து, கட்டிலோடு மாமனாரைக் கூடத்துக்கு மாற்றினோம். மறுபடி கஞ்சி காய்ச்சினேன். வேறொரு நாற்காலியை எடுத்து, அவருடைய இடது கைப் பக்கமே போட்டு உட்கார்ந்தேன். அவர் உடனே சாப்பிடவில்லை. என் தலைக்கு மேலே இருந்த கூரையை மூலைக்கு மூலை நிதானமாகப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.