எறிய மனம் வராத இரண்டு கப்

எழுபதாம் ஆண்டு வந்த அமெரிக்கக் கார் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், கட்டில் அளவு முன்பக்கம். மொன்றியலுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலை செய்கிறவனுக்கு இந்த ஆட்டம் எதற்கு என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். அது பெற்றோலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும், அதற்காகத்தான் வாங்கினேன் என்றால் நம்பவா போகிறார்கள்? போர் நடந்து, பெற்றோலும் உதிரிப்பாகமும் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நான் ஓட்டிய கார், நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர் வந்து, மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. ஓட்டினேன் என்பது பேருக்குத்தான், பாதித் தூரம் தள்ளினேன். ஒருநாள் ஈவிரக்கமில்லாமல் பெற்றோல் குடிக்கிற கார் வாங்குவதென்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

ஜூன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகக் காரைப் பின்னால் எடுத்தபோது அடியில் டமார் என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடியது, கார் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீளமான தண்டு, பின்நுனியில் கழன்று தொங்கியது. அதைப் பிடித்திருந்த யூனிவேர்சல் ஜொயின்ற் உடைந்துவிட்டது.

உடைவதற்கு நல்ல நேரம் பார்த்தது. அஹுன்ட்சிக் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டையும் கராஜையும் ஜூலை முதலாம் தேதி விட வேண்டும். வாடகை ஒப்பந்தம் முடிந்து மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுகிற நாள் அது. புது வீட்டுக்குக் கராஜ் இல்லை. தெருவில் விடலாம், ஆனால் தெரு கூட்டும் நாளில் நகர்த்த வேண்டும். ஓடாத காரை யார் நகர்த்துவது? முதலாம் தேதி மத்தியானத்துக்குள் அது தானாக வெளியே போகாவிட்டால் பழைய இரும்புக்காரன் கொண்டுபோகட்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

உதிரிப்பாகக் கடையில் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிக் காரின் ஆண்டைச் சொன்னேன். கடைக்காரன் ஐந்து நிமிடத்தில் புது ஜொயின்றைக் கொண்டுவந்து வைத்தான். முப்பத்தைந்து வருடப் பழைய காருக்கு. எனக்குச் சந்தோஷத்தோடு, தேடி அலைய விடவில்லையே என்று கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முப்பதாம் தேதி தண்டைக் கழற்றினேன். யூனிவேர்சல் ஜொயின்ற் என்பது சிலுவை வடிவில் ஓர் இரும்பு. அதன் நான்கு நுனிக்கும் தொப்பி மாதிரி நான்கு கப், ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசி போன்ற சின்ன உருளைகள். உடைந்ததில் இரண்டு கப்தான் நொறுங்கியிருந்தது. மற்ற இரண்டையும் துடைத்துப் பார்த்தேன், பளபளவென்றிருந்தன. கை தன்பாட்டில் வேலை செய்தது. புதுச் சிலுவைக்கு இரண்டு புதுக் கப்பும் இரண்டு பழைய கப்பும் போட்டேன். மிஞ்சிய இரண்டு புதியதையும் பொலித்தீனில் சுற்றி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்தேன்.

பின்னேரம் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்வரை எல்லாம் சரி. கொஞ்சம் மிதித்ததும் முழுக் காரும் உதறியது, அடியில் இரும்பு அரைபட்டது. ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை, சாமான்கள் கட்டிக்கொண்டிருந்த மனைவி அந்த டப்பாவோடு கராஜுக்கு வந்தாள்.

"இது புதுசெல்லே? ஏன் போடேல்லை?"

"பழசு ரெண்டும் நல்லாத்தானே இருந்தது. பேந்து தேவைப்படும் எண்டு வைச்சனான்."

அவளும் அதே தடைக்குள் இருந்தவள்தான். மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவள்.

"இஞ்ச கடை திறந்துதானே கிடக்கு. தடை முடிஞ்சுது. கழட்டுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூட வந்தது. காருக்கு அடியில் படுத்தேன். கழற்றிப் பார்த்தால், அந்த நல்ல கப் இரண்டிலும் உருளைகள் சிதைந்து கிடந்தன. வெளியேதான் பளபளப்பு. கையை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டு அவள் குப்பை வாளிப் பக்கம் போனாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் புதுக் கப் இரண்டையும் பூட்டினேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, புதுக் குடித்தனக்காரரின் லொறி பின் சந்தில் நின்று ஹோர்ன் அடித்தது. நான் காரை வெளியே எடுத்தேன். புது வீடு வரைக்கும் ஒரு சின்ன உதறல்கூட இல்லை. வழியெல்லாம் தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

ஒக்டோபரில் சேட்டுப் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய பிஸ்கட் தகரத்தைத் திறந்து பொத்தான் தேடினேன். அடியில் சமையலறைத் தாளில் ஏதோ பாரமாகச் சுற்றியிருந்தது. தாளில் கிறீஸ் ஊறியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். அந்த இரண்டு கப்.

முன்போலவே சுற்றி வைத்தேன். ஒரு பொத்தானை எடுத்துக்கொண்டு தகரத்தை மூடினேன். அவளிடம் இன்றுவரை கேட்கவில்லை.