சத்தம் போடாத பெட்டி

புளிக்கவைத்த கொக்கோக் கொட்டை வெயிலில் காயும்போது எழும் வாசம் பழைய காடியையும் ஈரச் சாக்கையும் ஒருசேர முகர்ந்தாற்போல இருக்கும். மாத்தளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒன்பது வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்ற எங்கள் சந்தில் அந்த வாசம்தான் எங்களுக்குக் காற்று. அப்பா கொக்கோ ஸ்டோரில் மூட்டை சுமந்தார். சிந்திய கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து போடுவார், நாங்கள் அதை வைத்துப் பாண்டி விளையாடுவோம். மற்றவர்களுக்கு அந்த வாசம் சாக்லேட்டை நினைவுபடுத்தும். எனக்கு நினைவு வருவது தேர்தல்.

சுதந்திரத்துக்கு முந்திய வருஷம் நடந்த தேர்தலில் அம்மா முகூர்த்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஐந்து வயதான என்னையும் இழுத்துக்கொண்டு வோட்டுப் போடப் போனார். அந்தக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு நிறம். பிடித்தவருடைய நிறப் பெட்டியில் கடுதாசியைப் போட்டால் முடிந்தது. அம்மா போட்டது மஞ்சள் பெட்டியில். அது ரகசியம் என்று சொல்லிவிட்டு, சந்தில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் அந்த ரகசியத்தைச் சொன்னார்.

சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டமும் வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் இந்த நாட்டுப் பிரஜை இல்லை, வேண்டுமானால் மனுப் போட்டு நிரூபிக்கலாம் என்றார்கள். அம்மா பிறந்தது பல்லேபொலப் பக்கம்; அவருடைய அம்மாவும் அங்கேதான் பிறந்தார். அதைச் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருந்தது, கடுதாசிதான் இல்லை. அப்பாவும் அம்மாவும் கடைத்தெருவில் பெட்டிசம் எழுதுகிறவரைப் பிடித்து மனு எழுதி அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. இதற்கிடையில் வோட்டர் பட்டியலிலிருந்து எங்கள் பெயர்கள் போய்விட்டன.

அடுத்த தேர்தலில் ஒலிபெருக்கி கட்டிய கார்கள் சந்து முனைவரை வந்தன. முனை வீட்டு மைமூன் மாமி பரம்பரையாக மாத்தளையில் இருக்கும் முஸ்லிம் குடும்பம், அவர்களுக்கு வோட்டு இருந்தது. அந்த வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, கார்கள் அப்படியே பின்னுக்குப் போயின. "வோட்டு இல்லாத வீட்டுக்கு எவன் வருவான்? விடு புள்ள" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஒரு கார் வராததற்கு இவ்வளவு முகம் சுருங்குமா என்று எனக்கு அப்போது வியப்பாக இருந்தது.

எங்கள் சந்துக் கடைசியில் கவுன்சில் போட்ட ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. முன்பு தேயிலைத் தோட்டத்தில் சொல்லிப் பழகிய வாயால் அதை "பீலி" என்றே சொல்வோம். காலையும் மாலையும் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும் என்பதால், அதைச் சுற்றி மரக்கூடு அடித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருப்பவர் திறந்துவிட்டு வீட்டு வரிசையைக் கூப்பிடுவார். அம்மன் கோயில் தேர் முடிந்த அடுத்த ஞாயிறு எல்லோரும் கூடி, அந்த வருஷச் சாவி யாருக்கு என்று கை தூக்கித் தீர்மானிப்பது வழக்கம்.

ஒரு வருஷம் சாவி முத்துசாமிக் கங்காணியிடம் வந்தது. தோட்டத்தில் நூறு பேரை வேலை வாங்கிவிட்டு ஓய்ந்து வந்த மனிதர். நன்றாகத்தான் செய்தார், உடைந்த குழாயைக் கவுன்சிலோடு சண்டை பிடித்து மாற்றினார். அதனால் மறு வருஷம், "கை தூக்கல் எல்லாம் எதுக்கு? நான்தான் பாத்துக்கிறேனே" என்று அவர் சொன்னபோது, எல்லோருக்கும் ஒரு ஞாயிறு மிச்சமானதில் சந்தோஷம். அதற்கடுத்த வருஷம் யாரும் கேட்கவேயில்லை. பிறகு மெல்ல மெல்ல அவருடைய மகள் வீட்டுக் குடம் முன்னால் வந்தது, மச்சான் வீட்டு அண்டா அதற்குப் பின்னால் வந்தது. கடைசி வீடான எங்களுக்கு வரிசை வரும்போது குழாய் இருமிக்கொண்டிருக்கும்.

ஒரு மாலை அம்மா வெறுங்குடத்தை நடுச்சந்தில் வைத்துவிட்டு, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாட்டு வோட்டை அவங்க எடுத்தாங்க. பீலி வோட்டை நம்மளே தூக்கிக் குடுத்துட்டோம். அவங்களை என்னத்தச் சொல்றது?"

கங்காணிக்குக் கோபம் வந்தது. "சரி, வைங்க. எவன் எனக்கு எதிரா கை தூக்குறான்னு பாப்போம்" என்றார். அதுதானே சிக்கல், அவர் பார்க்கையில் யார் தூக்குவார்கள்? "கை வேணாங்க மாமா. பெட்டி வைப்போம்" என்றார் அம்மா. எதிர்த்து நிற்க மைமூன் மாமி ஒத்துக்கொண்டார். "எனக்கி நாட்டுலயும் வோட்டு ஈக்கி, இங்கயும் ஈக்கி. ஒங்களுக்கு இங்க மட்டுந்தானே. அத உடப்படாது" என்றார் அவர்.

அம்மாவுக்குத் தெரிந்த தேர்தல் நிறப்பெட்டித் தேர்தல் ஒன்றுதான். ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக் கங்காணிக்கும், சின்னத் தேயிலை டின்னுக்கு மஞ்சள் தாள் ஒட்டி மைமூன் மாமிக்கும் வைத்தார். பெரியவர்கள் இருபத்து மூன்று பேர். ஆளுக்கொரு கொக்கோக் கொட்டை. குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்தாயிற்று. தாள் ஒட்டிய பெருமையில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஆள் சேலைக்குப் பின்னால் போனார். 'டொங்' என்றது. இரண்டாவது ஆள் போனார், மறுபடியும் 'டொங்'. மூன்றாவதாகப் போனவர் போட்டது 'டிங்' என்று கேட்டதும், "மைமூன் மாமிக்கு ஒண்ணு!" என்று நான் கை தட்டிக் கத்திவிட்டேன்.

மூன்றாவது ஆள் சேலைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அது கங்காணியின் சொந்த மருமகன். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு காதைத் தீட்டியபடி உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்த் தன் தலையணையை எடுத்து வந்து, பல்லால் தையலைக் கடித்துக் கிழித்து, பாதி இலவம்பஞ்சை அள்ளி இரண்டு டின்னுக்குள்ளும் அடைத்தார். விழுந்த மூன்று கொட்டைகளையும் வெளியே எடுத்துவிட்டு, "மொதல்ல இருந்து" என்றார். ஊரெல்லாம் பஞ்சு பறந்தது. தும்மிக்கொண்டே வோட்டுப் போட்டார்கள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணிப் பார்த்தால் கங்காணிக்குப் பன்னிரண்டு, மாமிக்குப் பதினொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவோ குடம் நிறையத் தண்ணீர் கிடைத்தவர்போல முகம் மலர்ந்து நின்றார். ஏன் என்று மறுநாள் காலை புரிந்தது. பதினொரு பேர் தனக்கு எதிரி என்று கங்காணிக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேர் யார் என்று தெரியாது. ஆகவே அவர் ஒன்பது வீட்டையும் பார்த்துச் சிரித்தார். வரிசை பிசகாமல் கூப்பிட்டார். எங்கள் குடம் கழுத்துவரை நிறைந்தது. அடுத்த தேருக்குப் பின் மைமூன் மாமி வென்றபோது, கங்காணி தானே எழுந்து வந்து சாவியை நீட்டினார். "பிடிங்க தாயி. அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போடணும்" என்று புத்தியும் சொன்னார்.

கச்சேரியிலிருந்து பதில் வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் பிரஜைக் கடுதாசி வந்தபோது நான் டீச்சராகியிருந்தேன். எழுபதாம் வருஷத் தேர்தலுக்கு முதல் நாள், இப்போது நிறமெல்லாம் இல்லை, ஒரே பெட்டிதான், சின்னத்துக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட வேண்டும் என்று சிலேட்டில் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் அதே முகூர்த்தச் சேலையில் உள்ளே போய், "மஞ்சப் பெட்டி எங்கங்க மாத்தயா?" என்று அதிகாரியைக் கேட்டிருக்கிறார். வாசலில் நின்ற எனக்கு உள்ளே எழுந்த சிரிப்புக் கேட்டது. வெளியே வந்தவரின் கண் நிறைந்திருந்தது.

"போட்டேன் புள்ள. சத்தமே வரல்ல. நல்ல பெட்டி" என்றார்.

அன்று மத்தியானம் அந்தப் பாதித் தலையணையில் படுத்து அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார். கடைசிவரை அதில் மறுபடி பஞ்சு அடைக்க அவர் சம்மதிக்கவில்லை.

இன்று அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. பீலி இருந்த இடத்தில் முச்சக்கர வண்டி நிற்கிறது, கொக்கோ ஸ்டோரில் கைபேசி விற்கிறார்கள். டின்கள் எப்போது துருப்பிடித்துப் போயின என்று எனக்கு நினைவில்லை. தேர்தல் வாகனங்கள் மட்டும் இப்போது கடைசி வீட்டு வாசல்வரை வந்து காதைக் கிழிக்கின்றன. மற்றவர்கள் திட்டுவார்கள், நான் திட்டுவதில்லை. தொலைக்காட்சியில் தினமும் ஒரு நாட்டைக் காட்டி, தோற்றவர் நாற்காலியை விட மறுக்கிறார், பட்டியலில் பெயரை வெட்டுகிறார்கள், உலகத்தில் ஜனநாயகமே முடிந்தது என்கிறார்கள். நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. போன வோட்டு திரும்பி வந்ததை இரண்டு தரம் கண்ணால் பார்த்தவள் நான். ஒன்றுக்கு இரண்டு தேர் பிடித்தது, மற்றதற்கு இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

போன தேர்தலில் கடுதாசியை மடித்துப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சற்றுக் குனிந்து காது கொடுத்தேன். பின்னால் நின்ற இளம்பெண் பதறி, "என்னங்கம்மா, ஏதும் விழுந்திருச்சா?" என்றாள்.

"இல்லம்மா. சத்தம் கேக்குதான்னு பாத்தேன்."

"ஒண்ணும் கேக்கலியே."

"அப்ப சரி. நீ போடு" என்று விலகி வழிவிட்டேன்.