காப்பித் துரையின் கல்லறையில் ஒரு கொடி

காலை ஆறு மணிக்கு வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம், நானும் அயர்லாந்திலிருந்து வந்திருந்த நோரா அம்மையாரும். எழுபது வயதுக்காரர். பண்ணைக்காட்டில் இருக்கும் தாத்தாவின் கல்லறையைப் பார்க்க வந்தவர், மொழிபெயர்த்துச் சொல்ல என்னை அழைத்துக்கொண்டார். மலை வளைவுகளில் எனக்குத்தான் குமட்டியது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வழியில் தாத்தாவின் கதையைச் சொன்னார். அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்த தொண்டர் படையில் அவர் ஓர் அதிகாரி. தொடையில் குண்டடி பட்டவர், சிறை கண்டவர். ஆங்கிலேயர் போனதும் தொண்டர்களே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். கூட இருந்த நண்பனையே அவர் சுட வேண்டியதாயிற்று. அதன்பின் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கப்பலேறி, இந்த மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேனேஜராக இருந்து, இங்கேயே கண்ணை மூடிவிட்டார்.

"அந்தக் குழந்தைதான் என் அப்பா. சாகும்வரை அவரை மன்னிக்கவில்லை. என்னால் முடியுமா என்று பார்க்க வந்திருக்கிறேன்" என்றார் நோரா.

எட்டரைக்குப் பண்ணைக்காடு. அங்கிருந்து ஜீப்புக்கு எண்ணூறு ரூபாய். வாயைத் திறக்காமல் கொடுத்தேன், பாதையைப் பார்த்தபின் நியாயம்தான் என்று பட்டது.

தோட்டத்தை இப்போது வைத்திருப்பவர் பேச்சிமுத்து. அவருடைய தாத்தா நோராவின் தாத்தாவிடம் வேலை பார்த்தவர்; ஊருக்கு அவர் 'காப்பித் துரை'. காப்பிப் பழம் எடுக்கும் முதல் நாள் துரைக்குச் சுருட்டும் வரக்காப்பியும் படைப்பது அந்த வீட்டு வழக்கமாம். பேத்தி வருகிறார் என்பதால் கல்லறைக்குப் புதிதாக வர்ணம் அடித்திருப்பதாகவும் பெருமையோடு சொன்னார்.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தது கல்லறை. பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தலைமாட்டுக் கல் முழுக்கச் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகப் பிரிட்டிஷ் கொடி! பாவி மனுஷா, என்ன காரியம் செய்துவிட்டீர் என்று வாய்வரை வந்தது. நோரா கைத்தடியை ஊன்றி அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் மறைக்க மனசு வராமல், பஸ்ஸில் கேட்டதையெல்லாம் பேச்சிமுத்துவிடம் சொன்னேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளக்காரர்னா அந்தக் கொடிதான்னு நெனச்சுட்டோம்ங்க. அவரு எதையுமே சொன்னதில்ல. சுதந்திரப் போராட்டத்துல எங்க தாத்தா ஜெயில்ல கெடந்தப்ப, வீட்டுக்கு மாசாமாசம் அரிசி அனுப்புனது இவருதாங்க. எங்கப்பா சின்னப் பிள்ளை. அந்தச் சோத்துலதான் வளந்தாரு. தொரை எதுக்குக் குடுக்குறாருன்னு அப்ப ஒருத்தருக்கும் புரியல."

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? பெற்ற பிள்ளையை விட்டுவந்தவர் ஊரான் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறார். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். நோரா கல்லறை விளிம்பில் உட்கார்ந்து அழுதார்.

"அவுக நாட்டுக் கொடி எப்படி இருக்கும்னு கேளுங்க. வெரசா மாத்திடுறேன்" என்றார் பேச்சிமுத்து.

எந்தக் கொடியும் வேண்டாம், வெறும் சுண்ணாம்பு போதும் என்றார் நோரா. பேச்சிமுத்து சுண்ணாம்பு கரைத்து வந்ததும், பூசுகிற மட்டையை அவரிடமிருந்து வாங்கி முதல் பூச்சைத் தானே பூசினார். சிவப்பு மறைய மூன்று பூச்சு பிடித்தது.

மாலை பஸ்ஸில் மலை இறங்கும்போது அவராகவே சொன்னார்: "இன்று கேட்டதை அப்பா கேட்டிருந்தால் அவர் கோபம் இன்னும் கூடியிருக்கும். எனக்குக் குறைந்துவிட்டது. அதுதான் அப்பாவுக்குத் துரோகம் செய்ததுபோல் இருக்கிறது."