வேலி ஏறி வந்த தண்ணீர்

என்னைப் பெண் பார்க்க எர்ணாகுளத்திலிருந்து வருவதாக இருந்தது, கார்த்திகைப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் காலை. நேரத்தைக் குறித்துக் கொடுத்தது நான். எழுபதுகளின் கடைசி. சிவில் டிப்ளமோ முடித்து, துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சிட்ட புத்தகம் என் மேஜையிலேயே இருக்கும்.

அந்த மாதத்தில் பௌர்ணமியை ஒட்டி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் தண்ணீர் வரும். மழை பெய்திருக்காது, காற்றும் இருக்காது. சாக்கடை ஓடை வழியாகப் பின்னோக்கி வந்து வாசற்படியைத் தொடும். மலையாளத்தில் இதற்கு வேலியேற்றம் என்று பெயர். அவர்களுக்கு வேலி என்றால் கடலின் ஏற்ற இறக்கம். தமிழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவுக்கு அது வேலி ஏறிக் குதித்து வரும் தண்ணீர்.

"ஏழுக்கு உச்சம்ப்பா. எட்டரைக்கு வாசல் காஞ்சிடும். ஒம்பதுக்கு வரச் சொல்லுங்க" என்றேன். அப்பாவும் அப்படியே சொல்லி அனுப்பினார்.

ஏழரைக்கும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா எனக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டபடி, "ஒம் புத்தகத்தத் தண்ணிக்குப் படிச்சுக் காட்டுனியாடி?" என்றாள்.

சாக்குக்கட்டியோடு படியில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடிட்டேன். எட்டுக்கு ஒன்று. எட்டேகாலுக்கு ஒன்று, விரற்கடை மேலே. அப்போதுதான் உறைத்தது: புத்தகத்தின் ஏழு மணி கடல்வாய்க்கு உரியது. அங்கிருந்து காயல், கால்வாய், ஓடை என்று நுழைந்து எங்கள் படிக்கு வர ஆகும் நேரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எட்டரைக்குப் போட்ட கோடும் அதற்கடுத்த கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. தண்ணீர் நின்றுவிட்டது. மிதந்து வந்த வைக்கோல் துண்டு அசையவில்லை. நகமளவு மீன்குஞ்சுகள் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாததுபோல் நின்றன. மேற்கே ஓட்டுக்கூரைகளுக்கு மேல் வெளுத்த நிலா. அது இழுத்து, ஒரு கடல் எழுந்து, இத்தனை வளைவு திரும்பி என் காலடிக்கு வந்திருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தள்ளவில்லை. வைக்கோல் மெல்ல மறுபக்கம் நகரத் தொடங்கியது. கோயிலில் அம்மா இடித்தால்தான் கை கூப்புகிறவள் நான். இப்போது என் விரல்கள் தாமாகத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டன.

"அய்யய்யோ, பொண்ணு சாக்கடைத் தண்ணிய கண்ணுல ஒத்திக்குது!"

மாப்பிள்ளையின் அம்மா. சேலையைத் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றாள். பின்னால் பேண்டை மடித்துவிட்ட மாப்பிள்ளை.

"அது கடல்" என்றேன்.

அவர் சிரித்தார். சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தார், என்னவென்று கேட்கவில்லை. உள்ளே வந்து சாயா குடிக்கும்போது அவர் அம்மா ஆறுதலாகச் சொன்னாள்: "எங்க வீடு நல்ல மேடு. இதெல்லாம் எட்டிக்கூடப் பாக்காது."

சாயங்காலம், சம்மதம் சொல்வதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். நிரந்தர வேலை. சொந்த வீடு. வரதட்சணை கேட்கவில்லை. சிடுசிடுப்பில்லாத முகம். அப்பா எட்டிப் பார்த்து, தன் மலையாளத் தமிழில் ஐந்தாவதைச் சேர்த்தார்.

"தண்ணி கேறாத வீடு, மோளே."

"தெரியும்ப்பா" என்றேன். "அதான், வேண்டாம்னு சொல்லிடுங்க."