வெளியே கொடுக்காத கதை

பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவர்களே, இலக்கணத்தால் யாருக்கும் கேடில்லை. வகுப்பில் ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னால்தான் வம்பு.

சொல் வந்த வழி

மாத்தளை டவுனில் என் சனிக்கிழமை வகுப்பு. ‘எனெக்டோட்’ என்று போர்டில் எழுதி, நடந்த ஒரு சின்னச் சம்பவத்தைச் சுவையாகச் சொல்வது என்றேன். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘வெளியே கொடுக்காதது’ என்பதே மூலப் பொருள். அரண்மனை விஷயங்களை எழுதி, வெளியிடாமல் வைத்ததற்குத்தான் முதலில் அந்தப் பெயர் என்றும் விளக்கினேன். மிளகு வியாபாரி நஸீர் நானா கையைத் தூக்கினார்.

“வெளிய சொல்லக் கூடாததா சேர்? அப்ப அடுத்த கிழமை நான் சொல்றேன்.”

கோழி போன கதை

சொன்னார். ஒரு கல்யாண வீட்டில் ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்களாம். பெரிய தட்டு, சோற்றுக்கு மேல் பொரித்த கோழி. எதிரே இருந்த பல்லேபொல ஊர்க்காரர், வலது கையில் கடிகாரம் கட்டியவர், மற்றவர்கள் சோற்றில் கைவைப்பதற்குள் கோழியை முடித்துவிட்டாராம். நானாவின் ஆங்கிலம் தடுமாறியது, நடிப்பு தடுமாறவில்லை. வகுப்பே சிரித்தது, நர்ஸ் ரிஸானாவைத் தவிர.

எல்லோரும் போனபின் அவள் என் மேசைக்கு வந்தாள். நானாவின் மகனுக்கு அவள் தங்கையைப் பேசுகிறார்கள். நாளைக்குத்தான் நானா குடும்பத்தோடு முதல்முறையாக அவர்கள் வீட்டுக்கு வருகிறார்.

“தங்கச்சிக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்கு சேர். ஆனா வலது கையில கடிகாரம் கட்டுறவர் எங்க வாப்பா.”

தொதல்

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லப்போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். சனிக்கிழமை ரிஸானா முதல் ஆளாக, தொதல் என்ற இனிப்புப் பெட்டியோடு வந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்றாம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். நானா, அவள் வாப்பாவின் கடிகாரத்தைப் பார்த்தாராம், கதையை விழுங்கிக்கொண்டாராம். வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“நானாவக் கண்டதும் வாப்பா என்னய உள்ளுக்குக் கூப்பிட்டார் சேர். அன்னைக்கு சஹன்ல கோழி முழுக்கத் தின்னது இந்த மனுசன்தான், ஆனா அதுக்கு மகன் என்ன செய்வான்னு சொல்லி சம்மதிச்சிட்டார்.”

அதை நான் நானாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. கிரேக்கர் வைத்த அர்த்தத்தில் என்னிடம் இருக்கும் எனெக்டோட் அது ஒன்றுதான்.