சோடாவில் விழாத பல்லி

எங்கள் சோடாவில் பல்லி விழுந்ததை ஊரில் எல்லோரும் பார்த்திருந்தார்கள், எங்களைத் தவிர. ஒருத்தி வாலை மட்டும் பார்த்தாளாம். இன்னொருவர் அது கோலிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கண்ணை உருட்டியதையே பார்த்தாராம். கோலி சோடா பாட்டிலுக்குள் கைவிட்டு எடுக்க முடியாதாகையால் பல்லி இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்றும் ஒரு பேச்சு.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. இண்டூருக்குப் பக்கத்தில், எங்கள் வட்டாரத்தின் பாதி ஊர்களைப் போல 'அள்ளி' என்று முடியும் ஓர் ஊரில் அப்பா சோடா போட்டார். இரட்டைக்குருவி மார்க். கம்பெனி என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஓட்டுக் கொட்டகை ஒன்று, காஸ் சிலிண்டர் ஒன்று, பாட்டிலை வைத்துக் கையால் சுற்றும் மிஷின் ஒன்று, சுற்றுவதற்கு அப்பா, யோசனை சொல்லச் சித்தப்பா, பாட்டில் கழுவ அம்மா. அவ்வளவுதான் கம்பெனி.

பல்லிப் பேச்சு கிளம்பிய பிறகு, பெட்டிக்கடைகளில் இறக்கிய பெட்டிகள் தொடாமலே திரும்பி வந்தன. வைகாசியில் மாவு மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. அதற்குச் சோடா, கலர் எல்லாம் நாங்கள்தான் என்று பேசியிருந்தார்கள். அதுவும் கைவிட்டுப் போனால் மிஷினை விற்றுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. பெங்களூர் என்றதும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சித்தப்பா சும்மா இருப்பவர் அல்ல. சந்தை நாளன்று தமுக்கடிப்பவரைப் பிடித்து வந்து, மூலைக்கு மூலை நிறுத்தி, "இரட்டைக்குருவி சோடாவுல பல்லி வுழலீங்கோ!" என்று கூவச் சொன்னார். தமுக்குச் சத்தத்தில் 'வுழல' அமுங்கிப்போய் 'பல்லி' மட்டும் கணீரென்று கேட்டது. அரூரிலிருந்து புளி வாங்க வந்திருந்தவர்கள், அதுவரை பல்லியைப் பற்றிக் கேள்வியே படாதவர்கள், "என்ன பல்லிங்க?" என்று நின்று அக்கறையாக விசாரித்தார்கள். சாயங்காலப் பஸ்களில் பல்லி வெளியூருக்கும் போய்விட்டது. மறுநாளே மில்லுக்காரர் ஆள் அனுப்பிவிட்டார், சோடா விஷயம் யோசித்துச் சொல்கிறோம் என்று.

எனக்கோ வேறு குடைச்சல். பல்லியை முதலில் பார்த்தது யார்? வாலைப் பார்த்தவளிடம் போனேன். தான் நேரில் பார்க்கவில்லை, தையல்காரர் சொன்னார் என்றாள். தையல்காரர், ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மா சொன்னதாகச் சொன்னார். அந்த அம்மா என் வகுப்புத் தோழியின் தாயார். "எம்புள்ளதான் வந்து சொன்னா" என்றார். திருடியைப் பிடித்துவிட்ட குஷியில் ஓடிப்போய்த் தோழியின் சடையைப் பிடித்தேன்.

அவள் அசரவில்லை. "எங்கிட்ட சொன்னதே நீதான்டி!" என்றாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன் பெட்டிக்கடையில் நாங்கள் இருவரும் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தபோது, மைசூர்ப் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் எங்கள் பாட்டிலைக் காட்டி 'ஹள்ளி சோடா' கேட்டார். கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரர்கள் புண்ணியத்தில் எனக்கு நாலு வார்த்தை தெரியும். அந்த மேதாவித்தனத்தைக் காட்ட, "ஹல்லின்னா பல்லிடி!" என்று தோழிக்கு அர்த்தம் சொன்னேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் தையல்காரர் வரை போய் வால் முளைத்து வந்திருந்தது.

அன்றைக்கு அப்பாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அப்பா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "அவரு என்ன புள்ள சொன்னாரு? ஹள்ளியா, ஹல்லியா?" என்றார். லாரிக்காரர் நாக்கை மடித்த மாதிரியே மடித்துச் சொல்லிக் காட்டினேன். அப்பா வெகுநாள் கழித்துச் சிரித்தார். "அடிப் பாவி, அது பல்லி இல்ல. ஹள்ளின்னா ஊரு. நம்மூரு சோடாவக் கேட்டிருக்காரு!"

மில்லுக்காரர் வீட்டில் பேசுவது கன்னடம். அங்கே சொன்னால் உடனே புரியும் என்று அப்பா சைக்கிளில் கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் பின்னால் ஏறிக்கொண்டேன். பல்லியைக் கண்டுபிடித்தவள் நானல்லவா? வழியெல்லாம் 'ஹள்ளி, ஹல்லி' என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகினேன். அந்த வீட்டு ஆட்கள் என்னை நடுக்கூடத்தில் நிறுத்தி மெச்சுவார்கள் என்று மனசுக்குள் ஓடியது.

மில்லுக்காரரும் அவர் சம்சாரமும் கல்யாணத்துக்கு வந்திருந்த உறவுக்காரர்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க சொன்னேன். லாரிக்காரரு ஹள்ளி சோடான்னு கேட்டாரு. கன்னடம் தெரிஞ்சவனாட்டம் ஹல்லின்னா பல்லின்னு கடையில வாய வுட்டுட்டேன். எஞ்சோடாவுக்கு நானே பல்லிய வுட்டுட்டேனுங்க."

மில்லுக்காரர் சம்சாரம்தான் முதலில் சிரித்தார். "ஒத்த எழுத்துக்கு இத்தன கூத்தாப்பா?" என்று மில்லுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குச் சோடா எங்களுடையதுதான் என்று அங்கேயே முடிவாயிற்று. அந்தக் கல்யாணப் பந்தியில் அப்பா அதையே மறுபடி நடித்துக் காட்ட, பந்தியே சிரித்தது. பெட்டிக்கடைக்காரர்கள் அவர்களாகவே வந்து பெட்டி கேட்டார்கள். இன்னொரு தரம் தமுக்கடிக்கலாமா என்று கேட்ட சித்தப்பாவை அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

நான் மட்டும் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. சோறு போட்டால்கூடத் திரும்பி உட்கார்ந்து தின்றேன். "ஏம்புள்ள?" என்று அவர் கேட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு ஊரில் அப்பாவுக்குப் 'பல்லிக்காரர்' என்றே பெயராகிவிட்டது. பத்து வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் வாசல் வாசலாகப் போனபோதும், "பல்லிக்காரரு வந்திருக்காரு" என்றுதான் உள்ளே குரல் கொடுத்தார்களாம். "ஆமாங்க, அவனேதான். எம்பொண்ணுக்குக் கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாராம். பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கண்டுபிடிப்பை அப்பா திருடிக்கொண்டார் என்பது மட்டும்தான்.